பத்து விடை வந்த கணக்கு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் தூறி நின்றிருந்தது. மலைமேல் மேகம் படிந்து கோபுரத்தை மறைத்திருந்தது. கீழே எங்கள் தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. மின்விசிறி மூன்றில் வைத்தும் கழுத்தில் வியர்வை. எதிரில் பேப்பர், கையில் பென்சில், மடியில் கைக்கடிகாரம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேப்பர் வருகிறது. எனக்குத் தமிழ், என் மனைவிக்குத் தெலுங்கு. அவள் நகரிப் பக்கம் பிறந்து அங்கேயே படித்தவள். நான் அரக்கோணத்துக்காரன். தெலுங்கு பேசினால் எனக்குப் புரியும், தட்டுத்தடுமாறிப் பதிலும் சொல்வேன், எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. காலையில் காபியோடு அவள் தன் பேப்பரின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். படித்து முடித்து மடித்து என்னிடம் தள்ளுவாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தினம் ஒரு கூட்டல் கணக்கு வரும். மூன்று வரிசை எண்கள், நடுநடுவே காலிக் கட்டங்கள். விட்டுப்போன இலக்கங்களை நாம் போட்டு நிரப்ப வேண்டும். என் பேப்பரில் ராசிபலன்தான் இருக்கிறது.

அன்றைய கணக்கு ஏழாவது. அதற்கு முன் ஆறு நாள் ஆறு கணக்கும் சரி. ஏழும் சரியாக வந்தால் வண்டிச் சாவி என் கைக்குத் திரும்பி வரும் என்பது எனக்கும் அவளுக்கும் பேச்சு.

சாவி ஏன் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஒரு நாள் மொபெட்டில் மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் வாங்கி இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் வண்டி இல்லை என்றதும் திருடு போய்விட்டது என்று சத்தம் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிச் சட்டை மாற்றும்போது, காய்கறிக் கடைக்காரர் போன் செய்தார். வண்டி அவர் கடைக்கு முன்னால் நிற்கிறதாம், ஹெல்மெட்டும் அதிலேயே தொங்குகிறதாம். சென்னையில் இருக்கும் எங்கள் மகள் அன்றைக்கே, "நைனா கைல இனிமே சாவி குடுக்காத" என்று தாயிடம் சொல்லிவிட்டாள். சாவி பெருங்காய டப்பாவுக்குள் போனது. எனக்கு அது இருக்கும் இடம் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். நான் எடுக்கவில்லை.

டாக்டரிடம் போனோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று ஆரம்பித்து, போதும் என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன். இந்த வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இவள் நம்பவில்லை. "மூட்டை எண்ணி எண்ணி உங்களுக்கு அது பழக்கம். தூங்கிகினே சொல்வீங்க" என்றாள். அதில் நியாயம் உண்டு. முப்பத்தோரு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணிய கிளார்க் நான். இப்போதும் சாப்பாட்டில் அப்பளம் எத்தனை என்று கேட்டால் சொல்வேன். அதனால்தான், கழித்தல் வேண்டாம், இந்தக் காலிக் கட்டக் கணக்கை வை என்றேன். இது எண்ணிக்கை இல்லை. இருப்பதை வைத்து இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் ஒரு விடை எழுத வேண்டும், மறுநாள் பேப்பரில் வரும் விடையோடு அவள் ஒத்துப்பார்க்க வேண்டும். ஏழு நாள்.

அன்றைய கணக்கு இதுதான்:

2 □ 3
□ 4 □
8 □ 9

மேல் இரண்டையும் கூட்டினால் கீழே உள்ளது. வலது ஓரம் சுலபம், மூன்றோடு ஆறு சேர்ந்தால் ஒன்பது. நடுவுக்கு வந்தேன். மேலே ஒரு கட்டம் காலி, கீழே ஒரு கட்டம் காலி. மேலே ஒன்று போட்டால் கீழே ஐந்து. இரண்டு போட்டால் ஆறு. எது போட்டாலும் ஒத்துப்போகிறது. இடது ஓரத்தில் ஆறு போட்டு முடித்தேன், 213, 646, கூட்டினால் 859. சரி. 223 போட்டேன், அதுவும் சரி. நடுவில் ஏழு போட்டால் பதினொன்று ஆகி ஒன்று இடது பக்கம் போகிறது, அங்கே ஆறுக்குப் பதில் ஐந்து. 273, 546, 819. அதுவும் சரி.

ஆறு முப்பத்தைந்துக்கு என்னிடம் நான்கு விடை இருந்தது. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நடுவில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எதைப் போட்டாலும் கணக்கு வருகிறது. மொத்தம் பத்து விடை.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கணக்கு தப்பு" என்றேன்.

"ஆங்."

"ஆங் இல்ல. அச்சுல ஒரு நம்பர் விட்டுப்போச்சு. பத்து விடை வருது."

"பத்து வந்தா நல்லதாச்சே. ஒண்ணை எழுதுங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"குருட்டாம்போக்குல எழுதறதுக்குப் பேரு கணக்கா?"

"அப்ப ஆவலன்னு ஒத்துக்குங்க" என்றாள், கீரையிலிருந்து தலையை எடுக்காமல். "கால் மணி போயி முக்கா மணியாவுது."

ஆவல, முடியவில்லை என்ற அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. கணக்கில் கோளாறா, தலையில் கோளாறா? ஆறு நாள் ஒரே விடை வந்த எனக்கு ஏழாம் நாள் பத்து ஏன் வர வேண்டும்? கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். எழுதிய பத்தையும் மறுபடி கூட்டினேன். பத்தும் சரியாகவே இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வேறு பிரதி ஒன்றைப் பார்த்தால் அச்சுப் பிழையா இல்லையா என்று தெரிந்துவிடும். பிழை என்றால் இன்றைய நாள் சேர்த்தி இல்லை, நாளைக்கு வேறு ஏழாவது கணக்கு. அதை அவளிடம் காட்ட ஆதாரம் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுப் பேப்பர் கடை வரை நடக்க முழங்கால் விடாது. ஆட்டோ பிடித்தேன். இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பேப்பர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், ஆட்டோல வர்றீங்க? வண்டியை வித்துட்டீங்களா?" என்றார்.

"ரிப்பேர்" என்றேன். "தெலுங்குப் பேப்பர் ஒண்ணு குடுங்க."

"வூட்டுக்குப் போடலியா பையன்?"

"போட்டான். இன்னொண்ணு வேணும்."

"ஒரே நியூஸ்தான் சார் ரெண்டுலயும்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதே 2, அதே 3, அதே 4. ஒரு புள்ளி மாறவில்லை. அச்சில் பிழை என்றால் எல்லாப் பிரதியிலும் பிழை இருக்கும்தானே என்று அப்போதுதான் உறைத்தது. இதற்கா ஆட்டோ எடுத்து வந்தேன்? ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. காலடியில் விற்காமல் திருப்பி அனுப்பக் கட்டி வைத்த பழைய தெலுங்குப் பேப்பர்க் கட்டு இருந்தது. கேட்டுப் பிரித்தேன். முந்திய ஆறு நாளின் கடைசிப் பக்கங்களைப் பெஞ்சில் பரப்பினேன். வீட்டில் நான் கட்டத்தை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறேன், முழுப் பக்கம் கிடையாது.

ஆறு கணக்கின் கீழும் ஒரே ஒரு வரி. படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். ஷெட்டில் மூட்டைமேல் இந்தியில் அச்சடித்த குறிகளை உருவம் பார்த்தே பிரித்தவன் நான். ஆறிலும் அதே வளைவுகள், அதே நீளம். விடை நாளை என்று இருக்கும் என நான் எண்ணியிருந்த வரி அது. ஏழாவதன் கீழ் இரண்டு வரி. இரண்டாவது வரி மற்ற ஆறில் இல்லை.

"பெருசு, நான் நின்னுகினு இருக்கேன்" என்றார் ஆட்டோக்காரர். "வெயிட்டிங்குக்குப் பத்து சேத்துக் குடுங்க."

ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒன்றைத்தான் கூட்டிக் கழித்தேன். அந்தப் பக்கத்தை எனக்கு முன்னால் அவள் படிக்கிறாள். ஒரு வரி விடாமல் படிப்பவள், இரங்கல் விளம்பரம் வரை படிப்பவள். அந்த இரண்டாவது வரியை மட்டும் விட்டிருப்பாளா?

அவள் அப்போது கீரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேப்பரை அவள் எதிரில் நீட்டினேன்.

"கீழ ரெண்டாவது வரி இன்னா எழுதியிருக்குது?"

அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேடையில் இருந்தது, அதையும் எடுக்கவில்லை. "ஒக அங்கெ ஒக சாரே ராவாலி" என்றாள். பிறகு தமிழில் சொன்னாள். "ஒரு நம்பர் ஒரு தடவைதான் வரணும்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஏற்கெனவே இருப்பவை 2, 3, 4, 8, 9. ஓரத்தில் 6 வந்தாகிவிட்டது. அப்படியென்றால் இடது பக்கத்தில் ஆறு போட முடியாது, ஐந்துதான். நடுவில் ஏழு, கீழே ஒன்று. 273, 546, 819. ஒரே விடை. என் தலையில் கோளாறு இல்லை.

"காலையிலயே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கேட்டீங்களா?" என்றாள். குழாயை மூடினாள். "கேட்டாலும் சொல்லிருக்க மாட்டேன். சொன்னா சாவி குடுக்கணும்."

"மார்க்கெட்ல வண்டியை வுட்டுட்டு வந்தது அவ்ளோ பெரிய குத்தமா? யாரு மறக்கல?"

"மார்க்கெட்டு இல்லிங்க." கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மாசி மாசம் கனகம்மாசத்திரத்துக்குக் காதுகுத்துக்குப் போனோமே. திரும்பி வர்றப்ப பாதி வழில புளியமரத்தாண்ட வண்டியை நிறுத்தினீங்க. நெனப்பு இருக்குதா?"

எனக்குக் காதுகுத்து நினைவிருந்தது. ஒரு பந்திக்கு இருபத்திரண்டு இலை. வடை இரண்டு, எனக்கு மூன்று. புளியமரம் நினைவில்லை.

"மூத்திரத்துக்குன்னு நெனச்சேன்" என்றாள். "எறங்கல நீங்க. கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்தீங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, வூடு எந்தப் பக்கம்னு கேட்டீங்க. மலை எதுருலயே தெரியுது. தமாஷ் பண்றீங்கன்னு நெனச்சேன். மொகத்தைப் பாத்தா தமாஷு இல்ல. பக்கத்துல லாரி லாரியாப் போவுது. ஒரு கால் மணி அங்கயே நின்னுகினு இருந்தோம். நேராப் போங்கன்னு சொன்னேன், போனீங்க. வூட்டுக்கு வர்ற வரைக்கும் உங்க சட்டையைப் புடிச்சிகினே வந்தேன்."

"பொண்ணு கிட்ட சொன்னியா?"

"யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயே இப்பதான் சொல்றேன்."

நடக்காத ஒன்றைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு நினைவிருப்பவற்றை வரிசையாக வைத்தேன். வெற்றிலை போட்டு வண்டியை எடுத்தபோது மணி இரண்டு பத்து. மண்டபத்தில் கடிகாரம் பார்த்தது நிச்சயம். வீட்டுக்கு வந்தபோது மூன்று ஐந்து. அதுவும் நிச்சயம், ஏனென்றால் மூன்று மணிக்கு வரும் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக் குடங்கள் வரிசையில் முந்திவிட்டன என்று வாசலிலேயே கத்தினேன். ஐம்பத்தைந்து நிமிடம். அந்தத் தூரத்துக்கு என் வண்டி எடுத்துக்கொள்வது முப்பத்தைந்து. கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இருபது நிமிடம் காலியாக இருந்தது. நான்கு மாதமாக அது அங்கே இருந்திருக்கிறது, நான் நிரப்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்ன கால் மணியும், நிறுத்திக் கிளம்பிய நேரமும் சேர்ந்தால் சரியாக அதில் உட்கார்ந்தது. வேறு எதைப் போட்டாலும் வரவில்லை. டயர் பஞ்சர் இல்லை, வழியில் ரயில்வே கேட் இல்லை, யாரையும் பார்த்துப் பேசவில்லை.

சிறிது நேரம் கழித்து அவள் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, மூடியைத் திறந்தாள். வாசனை குப்பென்று வந்தது.

"கணக்கு வந்துருச்சில்ல. கால் மணி தாண்டினது என்னால. ஏழும் ஆச்சு, பேச்சு பேச்சுதான். எடுத்துக்குங்க. ஆனா எங்க போனாலும் பின்னாடி நானும் ஒக்காருவேன். தனியா வுட மாட்டேன்."

சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை எடுத்து ஏழையும் ஐந்தையும் ஆறையும் ஒன்றையும் கட்டங்களில் போட்டேன். டப்பாவை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். "நைனா, வண்டியை விக்கிறியாமே, இன்னா திடீர்னு?" என்றாள். முழங்கால் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அடுத்த வாரம் டாக்டரிடம் அந்த இருபது நிமிடத்தை நானே சொன்னேன். இந்தத் தடவை அவர் ஏழைக் கழிக்கச் சொல்லவில்லை. மாத்திரை எழுதினார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது வேறு கணக்கு, இதில் சேர்க்கவில்லை. கட்டக் கணக்கு இப்போதும் தினம் போடுகிறேன். கீழே இருக்கும் வரியை முதலில் அவள் படித்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தொடுவது. சில நாள் வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறாள். எனக்குக் கால் ஆடும்.

மொபெட் விற்ற பணத்தை அவள் தன் பெயரில் போட்டுக்கொண்டாள், இந்தக் கணக்கால் வந்த செலவில் அதைக் கழிக்கக் கூடாதாம். அப்படியே ஆகட்டும். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோ போக ஐம்பது, வர வெயிட்டிங்கோடு அறுபது, இரண்டாவது பேப்பர் ஏழு, டீ பன்னிரண்டு, மொத்தம் நூற்று இருபத்தொன்பது. அன்று முதல் இன்று வரை மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் எழுபத்திரண்டு தடவை, போய்வர எண்பது வீதம் ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. ஆக மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது ரூபாய்.