பண்டிகைக்கு வளர்த்த பூசணி

பத்து வயதில் ஒரு பூசணிக்காய்க்காக நான் அம்மாவோடு சண்டை போட்டேன். அதில் ஜெயித்துவிட்டதாகவும் ஒரு பத்து நிமிடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் செடெனாக் என்ற ஊரில், தாமான் என்று சொல்லும் ஒரு குடியிருப்பில் இருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். முன்னால் கார் நிற்கும், பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு துண்டு மண். அந்தத் துண்டு மண்ணில் அம்மா வைக்காத செடியில்லை. கத்தரி, வெண்டை, பயத்தங்காய், கறிவேப்பிலை, வேலியோரம் ஒரு முருங்கை. விளைந்தது எதுவும் எங்கள் வீட்டோடு நின்றதில்லை. இடது பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக்குக் கிண்ணம் நிறையக் கத்தரிக்காய் போகும். அதே கிண்ணத்தில் பாண்டான் இலை மணக்கும் பலகாரம் திரும்பி வரும். எங்கள் வரிசையில் எந்தப் பாத்திரமும் காலியாகத் திரும்பாது. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

எங்கள் சர்ச்சில் வருடாவருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் வளர்த்த ஏதாவது ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். முந்தின வருடம் நான் ஓர் அன்னாசிப்பழத்தைக் கொண்டுபோய், "நானே நட்டது டீச்சர்" என்றேன். டீச்சர் பழத்தைத் திருப்பிப் பார்த்தார். கடையின் விலைச்சீட்டு அதில் அப்படியே ஒட்டியிருந்தது. டீச்சர் சீட்டை நகத்தால் உரித்துவிட்டுப் பழத்தை மேசைமேல் வைத்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். அடுத்த வருடம் அந்த மேசையில் இருக்கிற எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்றை வைப்பது.

அம்மாவிடம் பூசணி விதை வாங்கி நட்டேன். கொடி ஓடியது, பூத்தது, ஆனால் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. "வண்டு வரலம்மா" என்றேன். "வண்டு வரலன்னா நீதான் வண்டு" என்றார் அம்மா. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவுக்குள் வைத்துத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால், சீருடையோடு கொடிக்குள் குந்தி உட்கார்ந்து பூவுக்குப் பூ தேய்த்தேன். ஒரே ஒரு காய் நின்றது. அது கனத்ததும் அம்மாவின் பழைய கைலியில் தொட்டில் கட்டி வேலியில் தொங்கவிட்டேன். தோல் பச்சையாக இருக்கும்போதே ஆணியால் என் பெயரைக் கீறிவைத்தேன். காய் பெருக்கப் பெருக்க எழுத்துகளும் பெருத்தன.

எங்கள் வலது பக்க வீட்டில் ஓர் அங்கிளும் ஆண்டியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கிள் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். கொஞ்ச நாளாக வீட்டிலேயே இருந்தார். நீண்ட லீவு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். கழன்றுபோகும் என் சைக்கிள் சங்கிலியை அவர்தான் மாட்டிக் கொடுப்பார். அந்தச் சமயத்தில்தான் ஆண்டி எங்களிடமிருந்து எதையும் வாங்காமலானார். அம்மா வேலிக்கு மேலாகக் கிண்ணத்தை நீட்டினால், "வேணாங்க்கா, இப்பதான் சமைச்சேன்" என்று உள்ளே போய்விடுவார்.

பண்டிகைக்கு முதல் நாள் சனிக்கிழமை. டியூஷன் முடிந்து மதியம் வந்து பார்க்கிறேன், தொட்டில் காலியாகத் தொங்குகிறது.

"அம்மா! என் பூசணி எங்க?"

"பக்கத்து ஆண்டிக்குக் குடுத்துட்டேன்" என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி. "இவ்ளோ பெருச எங்களால தின்னு முடிக்க முடியாது, அழுகிப்போவும், கொஞ்சம் உதவி பண்ணுங்கன்னு சொன்னேன். வாங்கிக்கிட்டாங்க."

"அழுகவே இல்லியே! நாளைக்குத்தான பண்டிகை!"

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"பயத்தங்காய் நெறையா இருக்கு, அத எடுத்துட்டுப் போலாம். போய் மூஞ்சி கழுவு."

நான் மூஞ்சி கழுவவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு நேராகப் பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன்.

ஆண்டி தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகள். ஒரே தட்டில் வேகவைத்த பூசணித் துண்டுகள், ஆவி பறந்துகொண்டிருந்தது. மேசைமேல் மீதிப் பாதி கவிழ்ந்திருந்தது. அதில் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள்.

"அது என் பூசணி" என்றேன். "நாளைக்கு சர்ச்சுக்கு வேணும். எங்கம்மா தெரியாம குடுத்துட்டாங்க."

ஆண்டி என்னைப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பாதிப் பூசணியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கம்மா. நாங்க சாப்பிட்டாச்சு." சின்னவன் அழத் தொடங்கினான். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து மேசைமேல் பொட்டலத்தை வைத்தேன். அம்மாவின் கை வெங்காயத்தோடு அப்படியே நின்றது.

"பேராசம்மா அவங்களுக்கு" என்றேன். "சோறுகூட ஆக்கல. வெறும் பூசணியவே தட்டு நெறையா வச்சுத் தின்னுறாங்க."

"சோறு இல்லயா?"

"இல்ல. கொழம்பும் இல்ல. பூசணி மட்டும்தான். அவ்ளோ ஆச!"

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா வீட்டிலேயே பெரிய பானையை எடுத்து அரிசி களைந்து வைத்தார். பிறகு, நான் பொட்டலத்தின் மேல் கைவைத்துத் தடுக்கத் தடுக்க, பாதிப் பூசணியை வாங்கி வெட்டினார். நெத்திலியும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பெரிய சட்டி நிறையக் குழம்பு கொதித்தது. நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா என்னைத் தாண்டித் தாண்டி நடந்து சமைத்து முடித்தார். முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி, "சட்டைய மாட்டுங்க, பக்கத்து வீட்டுல சாப்பாடு" என்றார்.

அங்கிள்தான் கதவைத் திறந்தார். கையில் சோற்றுப் பானையோடு அப்பா, குழம்புச் சட்டியோடு அம்மா, நடுவில் வீங்கிய முகத்தோடு நான்.

"என் மக குடுத்ததத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டா" என்றார் அம்மா. "எனக்கு மானமே போச்சு. நீங்க மன்னிச்சீங்கன்னா எங்களோட உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிடலன்னா மன்னிக்கலன்னுதான் நான் நெனச்சுக்குவேன்."

"ஐயோ அக்கா, சின்னப் புள்ளலா, அதுக்குப் போயி..." என்று உள்ளிருந்து ஓடிவந்தார் ஆண்டி.

"அப்ப தட்ட எடுங்க."

நான் மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டேன். என் பூசணியை வெட்டியவர் அம்மா, மன்னிப்புக் கேட்பவள் நான். உலகத்தில் இப்படி ஓர் அநியாயம் உண்டா என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். சின்னவன் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினான். ஆண்டி தலை நிமிராமல் சாப்பிட்டார். அங்கிள் அப்பாவிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

எல்லாரும் கை கழுவியதும், ஆண்டி எங்கள் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அதையும் தன் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மா. "நாளைக்கும் இதுலதான் ஆக்கப்போறோம். நீங்க தேங்கா திருவுங்க, நான் காய் கொண்டாறேன்."

அங்கிளின் வேலை போய் மூன்று மாதமாகியிருந்தது என்பதும், வாங்கிய கிண்ணத்தில் திருப்பி வைக்க ஒன்றுமில்லாமல்தான் ஆண்டி கிண்ணங்களுக்குப் பயந்தார் என்பதும், நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. "பூசணிக்குப் பாத்திரம் தேவையில்ல, அதான் அதக் குடுத்தேன்" என்றார் அம்மா அப்போது. அங்கிளுக்குக் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்வரை, இரண்டு மாதம் போல, இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு சட்டியில்தான் சமையல் நடந்தது.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள், பண்டிகைக்கு ஒரு கட்டுப் பயத்தங்காயோடு போனேன். காணிக்கை மேசையில் யாரோ ஒரு பையன் கொண்டுவந்த பப்பாளிதான் இருந்ததிலேயே பெரியது. அதன் பக்கத்தில் என் கட்டை வைத்துவிட்டு முழங்காலிட்டேன். போதகர் நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்க, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் முறையீட்டைத் தனியாகச் சொன்னேன்:

"கர்த்தாவே, உமக்காகத்தான் வளர்த்தேன். எங்கம்மா எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அது உமக்கு வந்து சேராததற்கு நான் பொறுப்பில்லை."