கார் சாவியும் முன் கண்ணாடியும்

எங்கள் வீட்டுக் காரை விற்றுவிடுவது என்று போன வாரம் முடிவானது. முடிவு செய்தது காரின் சொந்தக்காரர் இல்லை... அவர் பெற்ற பிள்ளை!

சொந்தக்காரர், என் வீட்டுக்காரர்தான். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவரைக்கும் அவருக்கு சைக்கிள். ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நசரத்பேட்டைக்கு வந்த பிறகு ஆசை ஆசையாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அந்த வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டார்.

இதில் எனக்கும் சுயநலம் உண்டு. பஸ்ஸில் ஏறினால், 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. பாதி சீட் காலியாக இருக்க, பூந்தமல்லியிலிருந்து ஐயப்பன்தாங்கல் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனவள் நான். காரில் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். கதவைத் திறந்தால் சீட்!

அப்படிப்பட்ட காருக்கு எப்படி வந்தது ஆபத்து?

அயனம்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. முடித்துவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தூறல் வேறு. பெங்களூர் ரோட்டுக்கு வந்ததும் எதிரே வரிசையாக லாரிகள், எல்லாவற்றிலும் லைட். அவர் வைப்பரைப் போட்டார். அவ்வளவுதான்... கண்ணாடி முழுக்கப் பாலைத் தெளித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது.

"ஒண்ணும் தெரியலியே" என்று அவர் முனகுவதற்குள், பக்கத்தில் இருந்த மகன் முருகேசன், "அப்பா, மாடு! மாடு!" என்று அலறினான். பிரேக் போட்ட வேகத்தில் என் மடியில் இருந்த வளைகாப்பு சாப்பாடு காலடியில் கொட்டியது. மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாக ரோட்டைக் கடந்தது.

வீட்டுக்கு வந்ததும் முருகேசன் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"உங்களுக்குக் கண்ல புரை விழுந்திருக்குப்பா. இனிமே ஓட்ட வேணாம்."

அவருக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும். "ஏலேய், யாருக்குலே கண்ணு தெரியல? பகல்ல நல்லாத்தானே ஓட்டுதேன்!"

"புரைன்னா அப்படித்தான். எதிர்ல லைட் அடிச்சா தெரியாது. டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்கறீங்க. ஞாயித்துக்கிழமை புரோக்கர் வர்றாரு, பேசிட்டேன்."

அவர் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் வீம்பு இல்லை... பயம். புரை என்று டாக்டரும் சொல்லிவிட்டால்?

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒன்றை மட்டும் நிறுத்தவில்லை. அந்தக் காரின் இடது பக்கக் கதவு பூட்டாது. காலையில் குளித்ததும் அதைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருக்கும் பிள்ளையாருக்கு ஊதுபத்தி ஏற்றி, புகை வீணாகாமல் கதவைச் சாத்திவிட்டு வருவார். கார் வாங்கிய நாள் முதல் இதே வழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாமி படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகன் படக் கண்ணாடியில் ஈரத்துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் காபி டிக்காஷன் நிறத்தில் ஒரு பட்டை! துடைத்த இடத்தில் முருகனின் ஒரு கண் பளிச்சென்று தெரிகிறது... துடைக்காத இடத்தில் இன்னொரு கண் மங்கல்.

அப்படியே நின்றுவிட்டேன். புரை யாருக்கு?

துணியோடு காருக்கு ஓடினேன். உள்ளே உட்கார்ந்து, முன் கண்ணாடியின் உள்பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்தேன். அதே டிக்காஷன்... எல்லாம் ஊதுபத்திப் புகை!

"இன்னாக்கா, வண்டிக்குள்ள குந்திகினு தனியா இன்னா பண்ணினு கீறே?"

பக்கத்து வீட்டு மும்தாஜ். அவள் வீட்டுக்காரர் காதர் பாய், பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறார். துணியைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அட அல்லாவே! அண்ணன் இத்தினி நாளா பொகைக்குள்ளியா ஓட்டிகினு இருந்தாரு?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உள்பக்கம் முடிந்ததும் வெளிப்பக்கத்தையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று, பாத்திரம் தேய்க்கும் நாரையும் தூளையும் எடுத்து வந்தேன். மும்தாஜ் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

"ஐயே! நாரைக் கீழ போடுக்கா! கண்ணாடி பூரா கோடு வுழுந்துரும். எங்க ஊட்டுக்காரர் சட்டைத் துணியக்கூட காஞ்ச கண்ணாடில வெக்க மாட்டாரு. மொதல்ல தண்ணிய ஊத்து. மண்ணு எறங்கட்டும். அப்பால துணி."

"இப்பவே ஊத்தவா?"

"கொதிக்குது பாரு, தொட்டுப் பாரு. நெழலு வரட்டும்."

காத்திருந்தோம். வேப்பமரத்து நிழல் கார்மேல் விழுந்த பிறகு, மேலிருந்து தண்ணீரை ஊற்றினோம். பழைய வேட்டித் துணியை நனைத்துத் துடைத்தோம். உள்ளுக்கு ஒரு துணி, வெளிக்கு ஒரு துணி. வைப்பரைத் தூக்கி நிறுத்தி அதன் ரப்பரையும் துடைத்தோம் — அதில் அரை வீதி அழுக்கு! கடைசியாக ஈரம் போகக் காய்ந்த துணி. என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று பார்த்தார். "விக்கப்போற வண்டிக்கு என்ன அலங்காரம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி, "இன்னிக்கு ஒரு தடவை அப்பாவை ஓட்டச் சொல்லுப்பா" என்றேன். துணியைக் காட்டினேன். அவன் துணியைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், பானெட்டைத் திறந்தான்.

உள்ளே கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சின்ன டேங்க். அதற்குள் தயிர் மாதிரி ஏதோ உறைந்து கிடந்தது.

"அப்பா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"நம்ம போர் தண்ணிதாம்லே. அழுக்குப் போகட்டும்னு ரெண்டு கை சோப்புத் தூள் போட்டேன்."

எங்கள் ஏரியா போர் தண்ணீர் தெரியுமல்லவா? காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படியும். அதில் சோப்புத் தூள் வேறு! வைப்பர் அதைத்தான் இழுத்து இழுத்துப் பூசியிருக்கிறது.

முருகேசன் டேங்கைக் கழுவினான். தண்ணீர் வரும் துளையின் அடைப்பை நான் கொடுத்த தையல் ஊசியால் குத்தி எடுத்தான். அடுத்து என்ன ஊற்றுவது? பெரிய மாநாடே நடந்தது. "ஃபினாயில் ஊத்துவோம்" என்றார் இவர். "கார் கக்கூஸ் மாதிரி நாறும்" என்றான் அவன். "சீயக்காய்?" என்றேன் நான். "அது திப்பி அடைக்கும்கா" என்றாள் மும்தாஜ். மவுண்ட் ரோடு கடையில் இதற்கென்றே நீலத் தண்ணீர் பாட்டிலில் விற்கிறதாம். அது வருகிறபோது வரட்டும். மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். அதில் பாக்கெட் ஷாம்பு சில சொட்டு. அதிகம் போட்டால் நுரை பொங்கி அதுவே மறைக்கும் என்று மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முருகேசனுக்கு ஸ்கூட்டர்தான் ஓட்ட வரும். அதனால் சாவியை அவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தான். "மொதல்ல நம்ம தெருவுல... மெதுவா."

தெருவில் ஒரு சுற்று. பிறகு பெங்களூர் ரோடு. இருட்டிக்கொண்டு வந்தது. அதே தூறல், அதே லாரி, அதே லைட்... அவர் பட்டனை அமுக்கினார். தண்ணீர் பீய்ச்சியது, வைப்பர் ஒரு வீசு வீசியது. ரோடு கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது! ஓரத்துச் சைக்கிள், சைக்கிளில் தொங்கிய தூக்குச்சட்டி — எல்லாம்!

பூந்தமல்லி நெரிசலில் முன்னால் ஒரு லாரி நின்றது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"ஏலே, அது பின்னால என்ன எழுதியிருக்கு, வாசிக்கட்டுமா? 'அங்காளம்மன் துணை'. கீழ பெயிண்டர் பேரு, 'சேகர், திருமழிசை'."

முருகேசன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். "எங்கேப்பா இருக்கு, பெயிண்டர் பேரு?"

நான் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. டிவி கரகரத்தால் அவர் காது போச்சு. காபியில் சர்க்கரை குறைந்தால் அவர் நாக்கு செத்துப்போச்சு. டிவியை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறோமா? சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்க்கிறோமா? ஆளைக் குறை சொல்லும் முன் ஒரு ஈரத்துணியை எடுத்துப் பாருங்களேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த புரோக்கருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். பிள்ளையாருக்கு இப்போது ஊதுபத்தி காருக்கு வெளியேதான் — காட்டிவிட்டு வாசல் மாடத்தில் குத்திவிடுகிறார். அது மட்டுமா? "வாலே, டாக்டர்கிட்ட போவோம்" என்று அவரே கிளம்பினார். அப்பாவும் மகனும் சேர்ந்தே கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

அவருக்குப் புரையும் இல்லை, ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தது முருகேசனுக்கு... தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லையாம்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மகனிடம் கையை நீட்டினார்: "அந்த ஸ்கூட்டர் சாவிய இப்படிக் குடுலே."