கீழே போனவர்களை ஏற்றிவரும் வண்டி

சிங்தியன் தன் வாடகை சைக்கிள்களின் பிரேக்கை வேண்டுமென்றே இறுக்கி வைக்கிறான் என்று என்னிடம் சொன்னது காலைப் பலகாரக் கடைக்காரி. அவளுக்குச் சொன்னது அவள் கொழுந்தன். கொழுந்தனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "ஊரே சொல்லுது" என்றாள். பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கொண்டே இருந்தால் மிதிப்பவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள், களைத்தவர்கள் அவனுடைய குட்டி லாரியைக் கூப்பிடுவார்கள், வரும்படியே அதில்தான் என்பது கதை.

பொய். அவன் கடைக்கு எதிர்வீட்டில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். பிரேக்கை அவன் தொட்டதே இல்லை. தொடவேண்டிய தேவையும் இல்லை.

அவன் சைக்கிள்கள் ஓடுகிற பாதை, எங்கள் ஊரிலிருந்து கீழ்நகரத்து ரயில் நிலையம் வரை முன்பு மரமும் பேரிக்காயும் ஏற்றிப்போன ரயில் கிளைப்பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிட்டார்கள். ரயில் ஏறி இறங்கவேண்டும் என்பதால் அந்தக் காலத்தில் மிக மெதுவாகச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் சமதரை. தலைநகர் தைப்பேயிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஊரில் சைக்கிள் எடுத்து, பழைய ரயில் சுரங்கப்பாதைக்குள் கூவிக்கொண்டே, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் கீழே போய்ச் சேருவார்கள். தாங்கள் இத்தனை பலசாலிகளா என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். திரும்பும்போதுதான் தொடை நடுங்கும். "சைக்கிள் ரிப்பேர்" என்றுதான் எல்லோரும் போனில் சொல்வார்கள். பாதை ஏறுகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஊரிலும் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால் லாரி ஓடாது, கீழே நூடுல்ஸ் கடையில் கூட்டம் நிற்காது.

சிங்தியனுக்கு அந்தச் சரிவு சிறுவயதிலேயே அத்துப்படி. ரயில் குறைந்துபோன காலத்தில் பையன்கள் ஒரு பழைய தள்ளுவண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி, இரும்புப் பாலம் வரை உருண்டு போவார்களாம். திரும்பத் தள்ளிக்கொண்டு வருவது எப்போதும் வென்ஷெங். சிங்தியன் மேலே உட்கார்ந்து குச்சியால் அவன் தலையில் தட்டுவான். அந்த வென்ஷெங் இன்று பேரித்தோப்புக்காரன். மாலையானால் சிங்தியன் கடைவாசலில் தேநீர் குடிக்க வந்துவிடுவான். இருவரும் உயிர் நண்பர்கள் என்று ஊரில் பேச்சு.

கடைவாசலில் ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நானும் இருப்பேன். போன் வந்தால் சிங்தியன் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ஸ்பீக்கரில் போடுவான்.

"முதலாளி, சைக்கிள் ஓடமாட்டேங்குது. வந்து ஏத்திக்கிட்டுப் போங்க."

"எங்க இருக்கீங்க தம்பி? இரும்புப் பாலம் வந்துடுச்சா?"

"இன்னும் வரலீங்க."

"அட, அப்ப பாதிகூட வரலையே! குரல் நல்லா கணீர்னுதானே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் மிதிங்க, பார்ப்போம்."

நாற்காலிகள் குலுங்கும். எந்த இடத்தில் கெஞ்ச ஆரம்பிப்பார்கள், எந்த இடத்தில் அழுவார்கள் என்று பந்தயம் வைப்பார்கள். தோற்றவன் எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். சிங்தியனின் மனைவி லான்மோய் கொதிநீர்க் கெட்டிலை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருமுறை அவள் அட்டையில் 'திரும்பி வருவது ஏற்றம்' என்று எழுதிக் கடை முன்னால் மாட்டினாள். சிங்தியன் அதைக் கழற்றி, எல்லோர் முன்பும் அவள் கையில் கொடுத்து, "புழுக்கமா இருக்கு, விசிறு" என்றான். விசிறினாள். அவன் போதும் என்று சொல்லும்வரை விசிறினாள்.

போன இலையுதிர்காலத்தில் லான்மோயின் அக்கா யிங்சூ தெற்கே காவ்ஷியோங்கிலிருந்து வந்திருந்தாள். முட்டியில் ஆபரேஷன் ஆனவள். லான்மோய் கோயில் விருந்துக்குச் சமைக்கப் போயிருந்த மதியத்தில், யிங்சூ ஒரு சைக்கிளைத் தடவிக்கொண்டே சிங்தியனிடம் கேட்டாள்:

"தம்பி, என்னால ஓட்ட முடியுமா?"

"சமதரைதான் அக்கா. பச்சைப்புள்ளகூட ஓட்டும்."

மாலையில் போன் வந்தது. சிங்தியன் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"தம்பி, முட்டி வீங்கிடுச்சு. காலை ஊன முடியலை. வண்டி எடுத்துக்கிட்டு வாப்பா."

"யாருங்க பேசறது?"

"நான்தான்ப்பா, யிங்சூ."

"அப்படி ஒரு கஸ்டமர் நம்மகிட்ட இல்லீங்களே."

வென்ஷெங் வாயைப் பொத்திக்கொண்டான்.

"விளையாடாத தம்பி. வலி உயிர் போகுது. சுரங்கத்துக்குக் கீழ நிக்கிறேன், இங்க ஒரு மனுசரும் இல்லை."

"சைக்கிளைத் தள்ளிக்கிட்டே மெதுவா நடந்து வாங்க. நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லுவாங்க. பாலத்துக்கு வந்ததும் கூப்பிடுங்க, பறந்து வர்றேன்."

அழுகை கேட்டது. முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு அடக்கமாட்டாமல்.

"சுரங்கத்தைத் தாண்டல, அதுக்குள்ள அழுதாச்சு! வென்ஷெங், எந்திரி. நீதான் ஊத்தணும்!"

வென்ஷெங் எழுந்து திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். லான்மோய் கோயில் பாத்திரத்தோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை. போனுக்குக் குனிந்து, "அக்கா, அங்கேயே உக்காரு. நான் வர்றேன்" என்றாள். லாரி ஓட்டத் தெரியாதவள். கைக்கு எட்டிய சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"போய்க் கூட்டிக்கிட்டு வந்துடுங்க அண்ணே" என்றேன்.

"எதுக்கு? கீழ போனவங்க எல்லாம் எனக்குத்தானே போன் பண்ணியாகணும்? அவளும் பண்ணுவா. பண்ணட்டும், போறேன்."

லாரிச் சாவியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவள் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை அவனுக்கு நிறைய இருந்தது. ஆனால் முதலில் கூப்பிடுவது அவளாக இருக்கவேண்டும். வாடிக்கையாளர் யார் போன் செய்தாலும் இப்போதெல்லாம் கேலி இல்லை, "இடத்தைச் சொல்லு, வர்றேன், வை" என்று முடித்துவிடுவான். என்ன நல்ல மனுஷன் என்று லாரியிலிருந்து இறங்குகிறவர்கள் கும்பிடாத குறை. லைன் காலியாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த அவசரம்.

வென்ஷெங் ஒரு மாலையும் தவறாமல் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பான்:

"என்னடா, உன் பொண்டாட்டி இன்னும் பாலத்துக்கு வரலையா?"

"வாயை மூடு."

"நீயே ஒரு போன் போட்டாத்தான் என்ன? 'பொம்பளை இல்லாம சோத்துக்கு வழியில்லை, கோவிச்சுக்காத தாயே'ன்னு ஒரு வார்த்தை. எல்லாரும் கேக்கறோம், நல்லா அழுதுகிட்டே சொல்லு."

மற்றவர்கள் சிரித்தார்கள். சிங்தியனும் சிரிக்கப் பார்த்தான். வென்ஷெங்கின் முகத்தில் இருந்த சந்தோஷம் நேற்று வந்ததல்ல.

பிறகு ஒருநாள் காலையில் போன் அடித்தது. ஓடி எடுத்தான். கீழ்நகர ரயில் நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்.

"உங்க கடை சைக்கிள் ரெண்டு இங்க ரொம்ப நாளா நிக்குது. எடுத்துக்கிட்டுப் போறீங்களா, இல்லை நான் வெளியில தூக்கிப் போடட்டுமா?"

ஏற்றி இறக்கக் கைத்துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.  ஸ்டாண்டுக்காரர் சாவிகளை நீட்டினார்.

"விட்டுட்டுப் போனவங்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்டான்.

"ரெண்டு பொம்பளைங்க. பெரியவங்களால காலை ஊனவே முடியலை. சின்னவங்க அவங்களைச் சைக்கிள்ல உக்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்களாம். 'மிதிக்கவே வேணாம், தானா உருண்டு வந்துடுச்சு'ன்னு சொல்லிச்சு அந்தச் சின்னம்மா. இன்னொரு சைக்கிளை ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஓட்டிக்கிட்டு வந்து விட்டுச்சு."

"வேற எதாவது சொன்னாளா?"

"என்ன சொல்லணும்? மேல போறதுக்கு லாரிக்குப் போன் போடவான்னு நான்தான் கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. பெரியவங்க அந்த வலியோட சிரிச்சாங்க. தெற்கே போற வண்டியில ஏறிட்டாங்க." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் சின்னவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரி."

"அப்படியா? கடையில வேலை பார்த்தவள்னுல்ல சொல்லிச்சு!"

சைக்கிள்களை ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். ஏறி உட்கார்ந்தோம், சிங்தியன் லாரியைக் கிளப்பவில்லை. போனைக் கையில் எடுத்தான்.

"நீங்க கொஞ்சம் இறங்கி நில்லுங்க" என்றான்.

இறங்கினேன். பாதி இறக்கியிருந்த கண்ணாடி வழியாகத் தெரிந்தது, கேட்டது. லான்மோய்க்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் எதையோ சொல்ல வாயைத் திறந்தான், மூடினான். பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அவன் இன்னும் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை, மணி அடித்துக்கொண்டிருந்தது.