கொலைகாரன் இல்லாத க்ரைம் நாவல்

என் இலக்கிய நாவல்களைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், ஒருவர்கூட நின்றுகொண்டு வர வேண்டியிருக்காது. அப்படிப்பட்ட நான் ஒரு க்ரைம் நாவல் எழுதினேன். குடிகாரத் துப்பறிவாளன், வெட்டு வெட்டாக வாக்கியங்கள், யாருக்கும் தயவு பார்க்காத பேச்சு. தஞ்சாவூர் இலக்கிய நண்பர்களுக்கு ஒரே சிரிப்பு. “ஒரு மாறுதலுக்கு எழுதிப் பாக்குறீங்களாக்கும்” என்றார்கள். மாறுதலாவது மண்ணாவது. ஆத்திரத்தில் எழுதினேன்.

வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போன ஒரு பெண் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தாள். வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டாள் என்று போலீஸ் கேஸை முடித்துவிட்டது. வாய்க்காலில் அன்று முழங்காலளவுதான் தண்ணீர். செய்தது யார் என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய அக்கா மட்டும் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“கேஸுலதான் தப்பிச்சிட்டான். கதையிலயாவது மாட்டணும் சார்” என்றார். மாட்டுவான் என்று வாக்குக் கொடுத்தேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். கடைசி அத்தியாயத்தில், நடவு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வரப்பில் நிற்கும் நிலக்காரனைப் பார்த்துத் துப்பறிவாளன் “நீதான்” என்கிறான். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கங்கள் அவை.

அச்சான புத்தகத்தை வெளியீட்டு விழா மேடையில்தான் கையில் கொடுத்தார்கள். புரட்டினேன். கடைசி அத்தியாயத்தைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதிப்பாளரிடம், இத்தனை வருட நண்பரிடம், எங்கே என்று கேட்டேன்.

“நான்தாங்க எடுத்தேன். யாருன்னு சொல்லிட்டா சாதா க்ரைம் நாவல். சொல்லாம விட்டாத்தான் இலக்கியம். உங்க பேருக்காகச் செஞ்சது” என்றார், ஏதோ உபகாரம் செய்த முகத்தோடு.

க்ரைம் நாவலிலிருந்து கொலைகாரனையே தூக்கிவிட வேண்டும் என்று எங்கள் கூட்டத்தைத் தவிர வேறு எவருக்குத் தோன்றும்? அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மைக்கைப் பிடித்த பேராசிரியர், நாவலின் உச்சமே அந்த மௌனம்தான் என்றார். அரங்கம் கைதட்டியது. ஊர் வாயை மூடிக்கொண்டதற்குத்தான் இவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்ததும் நடந்ததைப் போட்டு உடைத்தேன். விடுபட்ட முடிவையும் சொன்னேன். எழுத்தாளர் குறும்பு செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கீழே இறங்கியபோது அந்த அக்கா நின்றிருந்தார். நான்தான் அழைத்திருந்தேன். நான் மேடையில் பேசுவதற்கு முன்பே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்திருந்தார்.

“நீங்க இங்க சொன்னது இந்த ரூமோட போச்சு சார்” என்றார். “புஸ்தகத்துலயும் அவன் தப்பிச்சிட்டானே.”