லிஃப்ட்டண்ணனும் திரும்பிப் போகாத பார்சலும்

எங்கள் லிஃப்ட்டண்ணன் ஆசைப்பட்டு ஏமாந்தானாம். யார் சொன்னது? மூன்றாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் சொன்னாரா, ஐந்தாம் மாடி பியூட்டி பார்லர்காரி சொன்னாளா? யார் சொல்லியிருந்தாலும் பொய். மெயிலில் இருந்த அந்தப் பொத்தானை அவன் அமுக்கியபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் நான். கண்ணால் பார்த்தவள் சும்மா இருக்கிறேன். காதால் கேட்டவர்கள் மாடிப்படியில் நின்று கதை அளக்கிறார்கள்.

"ஓசியில டிவி தர்றோம்னு மெயில் வந்திருக்கும், இவரு உடனே அமுக்கியிருப்பாரு" என்று இன்ஷூரன்ஸ்காரர் லிஃப்ட்டுக்குள்ளேயே சொல்லிச் சிரித்தாராம். பார்லர்காரி அவருக்கும் ஒரு படி மேலே. "லிஃப்ட்டுக்குள்ள போறப்பல்லாம் குனிஞ்சு, லிஃப்ட் பெட்டி வந்து நிக்குதா இல்லையான்னு பார்த்துட்டு ஏறுற மனுஷன், இதுல மட்டும் பார்க்காம காலை வெச்சுட்டாரே!" என்றாளாம். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற பேச்சுக்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் நானில்லை.

இப்படிப் பேசிப் பேசியே ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் பார்சல்களை இனி அவனிடம் கொடுக்காமல் முனை மருந்துக் கடையில் இறக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் நாலு பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். போன பணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஆறு வீடுகளைத்தான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான்.

தரைத்தளத்தோடு சேர்த்து எங்கள் கட்டடத்தில் ஆறு தளம், தளத்துக்கு நாலு வீடு. கீழே லிஃப்ட்டை ஒட்டிய வீடு அவனுடையது. அதற்கு நேர் எதிர் வீட்டில் நான் என் மகனோடு இருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவன் லிஃப்ட்டண்ணன். எனக்கு மட்டும் அவன் தம்பி. மோட்டார் அறையில் நின்று நின்று வலது காது மந்தமாகிவிட்டது. அதனால் பக்கத்தில் இருக்கிறவரிடமும் எதிர்க்கரையில் நிற்கிறவரிடம் பேசுவது போல்தான் பேசுவான். காலையில் எழுந்ததும் லிஃப்ட் ஓடுகிற பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். "பெரியம்மா, மூணாவது மாடிக் கதவு சரியா மூடல" என்பான். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். காது விட்டுப்போனதைக் கை பிடித்துக்கொண்டது.

பார்சல் வேலை எட்டு வருஷத்துக்கு முன்னால் நாலாம் மாடி நர்ஸம்மாவால் ஆரம்பித்தது. அவள் டியூட்டிக்குப் போன நேரத்தில் வந்த ஒரு பெட்டியை வாங்கி வைத்தான். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. எழுதப் படிக்கத் தெரிந்து, பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் அவன் ஒருவன்தானே. ஆறு தட்டு இரும்பு அலமாரி ஒன்று வாங்கிப் போட்டான். கீழ்த்தட்டு தரைத்தளம், மேல்தட்டு ஐந்தாம் மாடி. அந்த அலமாரியைப் பார்த்தால் எங்கள் கட்டடத்தையே சின்னதாகச் செய்து வைத்தது போலிருக்கும். எட்டு வருஷத்தில் ஒரு பார்சல்கூட 'ஆள் இல்லை' என்று திரும்பிப் போனதில்லை. அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் அவனிடம் பதில் வாங்க முடியாது. "எனக்குத் தெரியும் பெரியம்மா. ஆனா எனக்குத் தெரியாது" என்பான். இன்ஷூரன்ஸ்காரருக்கு மாதாமாதம் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதில் என்ன என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்றுவரை வாய் திறக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மகனே, இதையும் சேர்த்தே எழுது. இன்ஷூரன்ஸ்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் தெரிந்தால்தான் அவன் ஏமாந்த கதை விளங்கும். அந்த இணையக் கடையில் வருஷச் சந்தா கட்டினால் கொண்டுவருகிற கூலி கிடையாதாம். இவன் ஒருவன் கட்டினான். மற்றவர்களெல்லாம் அவன் கணக்கிலேயே பொருள் வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் டேப்லெட்டைச் சுற்றி ஐந்தாறு தலைகள் கூடியிருக்கும். யாருடைய பொருள் என்று தெரிய, கணக்குக்குள் எல்லா வீட்டுப் பெயரும் போன் நம்பரும் போட்டு வைத்திருந்தான். கடையிலிருந்து எந்தத் தகவல் வந்தாலும் இவன் மெயிலுக்குத்தான் வரும். உங்களுக்கோ எனக்கோ அப்படி ஒரு மெயில் வந்தால், 'நான் ஒன்றும் வாங்கவில்லையே' என்று தள்ளிவிடுவோம். அவனால் அது முடியாது. இருபத்து நாலு வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது வாங்கித்தான் இருப்பார்.

அன்றைக்கு மத்தியானம் அவன் எனக்கு மெயில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் எதையும் உரக்கப் படிப்பது அவன் வழக்கம்.

"'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்.' பெரியம்மா, திருப்பி அனுப்புவானாம்!"

"யாரோட பார்சலாம்?"

"அதைப் போடல. நர்ஸம்மா செருப்பா இருக்கும். மூணு நாளா கேட்டுட்டே இருக்காங்க. இருக்கற செருப்புல நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சாம்."

எழுந்து போய் நாலாம் மாடியில் மணியடித்துப் பார்த்தான். நர்ஸம்மா வேலைக்குப் போயிருந்தாள், போனையும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது மணி நாலரை. மெயிலில் கடையின் படம் இருந்தது, அதே நிறம், அதே வண்டி. எனக்கே அடையாளம் தெரிந்தது. அமுக்கினான். கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தான். மறுபடி அனுப்பச் சின்னத் தொகை ஒன்று கட்டச் சொன்னது, கார்டு நம்பரைத் தட்டினான். போனுக்கு ஓர் எண் வந்தது, அதையும் தட்டினான். "அப்பாடா, மணி அஞ்சாகல" என்று நாற்காலியில் சாய்ந்தான். நானும் "நல்ல வேளை" என்றேன். ஆசைப்பட்டானாம் ஆசை! அடுத்தவள் செருப்புக்கு ஆசைப்பட்டான், அதுவும் அவள் காலுக்காக.

பிறகு போன் மூன்று தடவை சிணுங்கியது, மூன்றும் பணம் எடுத்ததாகப் பாங்கியிலிருந்து வந்த தகவல். முதலாவதைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். மூன்றாவதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. காது மிஷின் வாங்க வைத்திருந்த பணம் அது. அவன் மகள் போன் செய்யும்போதெல்லாம் "அப்பா, மொதல்ல மிஷினை வாங்குங்க" என்று கத்துவாள், எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

பாங்கிக்குப் போன் போட்டான். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான், அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண். நல்ல பெண், திட்டவில்லை. கார்டை நிறுத்தினாள். புகார் எங்கே கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். கடைக் கணக்கின் பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்லி, மாற்றி முடிக்கும் வரை காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"சார், அந்தக் கணக்குல வேற யாரோட விவரமாவது இருந்துச்சா?"

"இருபத்து நாலு வீடும்மா."

"பார்த்திருப்பாங்க சார். பேரு, நம்பரு, யாரு என்ன வாங்கினாங்கன்னு எல்லாம். இனிமே அந்த வீட்டுக்காரங்களுக்கும் இந்த மாதிரி மெசேஜ் வரும். பேரைச் சொல்லியே வரும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்த மெயிலை மறுபடி எடுத்தான். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். "என் பேரே இதுல இல்ல பெரியம்மா. பொருள் பேரும் இல்ல. அனுப்பினவன் பேரைத் தொட்டா உள்ள வேற என்னமோ அட்ரஸ் நீளமா ஓடுது. அஞ்சு மணி அஞ்சு மணின்னு அவசரம் மட்டும் நாலு எடத்துல இருக்கு." பிறகு மெயிலை மூடிவிட்டு, எப்போதும் போலக் கடையைத் தானே திறந்து பார்த்தான். நர்ஸம்மாவின் செருப்பு நாளைக்கு வருகிறது என்று இருந்தது. எந்தப் பார்சலும் எங்கேயும் நிற்கவில்லை. "இதை மொதல்லயே பார்த்திருந்தா அரை நிமிஷ வேலை" என்றான். அதைச் சொன்னபோதுதான் அவன் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் நடந்தது அவன் வீட்டுக்குள். இருந்தது நாங்கள் இரண்டு பேர். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு இன்ஷூரன்ஸ்காரர் சிரிக்க விஷயம் எங்கிருந்து கிடைத்தது?

பார்லர்காரியின் போனுக்கு ஒன்பது நாள் கழித்து அதே மாதிரி ஒரு மெசேஜ் வந்தது. அவள் பெயரைப் போட்டு, போன மாதம் அவள் வாங்கிய முடி உலர்த்தும் மிஷினின் பெயரையும் போட்டு, 'அதில் கோளாறு இருப்பதால் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இங்கே அமுக்கவும்' என்று. அவளே என்னிடம் சொன்னாள். "விரலைக் கிட்ட கொண்டு போயிட்டேன் பாட்டி. அப்புறம் கடையைத் திறந்து பார்த்தா அப்படி ஒண்ணுமே இல்ல." கடையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உனக்கு யாரடி சொன்னது என்று கேட்டேன். வேலை கிடக்கிறது என்று மேலே போய்விட்டாள். அன்றைக்குச் சாயந்திரமே, பார்க்காமல் காலை வைத்த கதையை லிஃப்ட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவளுக்குச் சொன்னவன் அவன்தான். எல்லோருக்கும் சொன்னவன் அவன்தான். சொல்லாதே என்று அவனைத் தடுத்தவள் நான். அதை மறைக்க மாட்டேன்.

"பணம் போனாப் போகட்டும்டா தம்பி" என்றேன். "பாஸ்வேர்டைத்தான் மாத்திட்டியே. வாயைத் திறக்காத. எட்டு வருஷமா சேர்த்த பேரு, அதையும் சேர்த்துத் தொலைச்சுடாத."

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "லிஃப்ட் கெட்டுப்போனா 'ஓடாது'ன்னு பலகையை எங்க மாட்டணும் பெரியம்மா?"

"எந்த மாடியில நின்னுச்சோ அங்க."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நின்ன மாடியில இருக்கறவனுக்குத்தான் அது கெட்டுப்போனது தெரியுமே. தெரியாதவன் மத்த மாடியில நிக்கறான். அதனால எல்லா மாடிக் கதவுலயும் மாட்டணும். மாட்டி முடிச்சப்புறம்தான் நாங்க டூல்ஸ் பெட்டியையே திறப்போம்."

நான் விடுவேனா? "சரி, மாட்டு. 'இந்த மாதிரி மெயில் வருது, ஜாக்கிரதை'ன்னு மாட்டு. விழுந்தது யாருன்னு அதுல எதுக்கு எழுதணும்?"

"ஜாக்கிரதைன்னு எல்லாச் சுவத்துலயும்தான் எழுதியிருக்கு. யாரு படிக்கறாங்க? இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யற நானே விழுந்தேன்னு சொன்னாத்தான் அவங்க குனிஞ்சு பார்ப்பாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியவள் ஒருத்தி சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறானே. "போ, உன் இஷ்டம். கட்டடமே சிரிக்கட்டும்" என்று பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தவள் உள்ளே போகவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன்.

வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிற நேரம். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். வீடு வீடாகச் சொல்ல நேரே மாடிப்படிக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தான். கேட்காமல் உள்ளே வந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறவன் அன்றைக்கு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். எல்லாவற்றையும் கூடவே உட்கார்ந்து பார்த்தவள் அவனுக்கு ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டிருக்கிறேன், ஆனால் எல்லாக் கதவும் என்றால் என் கதவும் அதில் ஒன்றுதானே. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, திறந்து கிடந்த கதவை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினான்.