தாழிக்கு மேலே உப்பு அம்பாரம்

கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்த என்னை மியூசியத்து மேடம் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். பழைய பொருட்களைத் தோண்டியெடுத்த இடங்களை வானத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அந்த மண்ணில் கிடைத்த முதுமக்கள் தாழியோ பாசிமணியோ சங்கு வளையலோ இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் முறைப்பு இல்லாமல் ஒரு வேலை!

தாழி கிடைத்த மேட்டின் மேலே ட்ரோன் ஏறியதும் ஒரு பருந்து துரத்தியது. வீரனாகிய நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். திறந்து பார்த்தால் ட்ரோன் எங்கோ சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் படமும் எடுத்திருந்தது. கறுப்பு மேடுகள் வட்டவட்டமாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, இதுதான் தாழி மேடு என்று கொடுத்துவிட்டேன்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அரைமணி நேரம் முன்பு, தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றதால் இங்கே வந்திருப்பவர்.

"அண்ணாச்சி, எங்க அளத்து அம்பாரத்த எதுக்கு இங்கன மாட்டியிருக்கிய?"

"அம்பாரமா?"

"மழைக்கு ஓலை போட்டு மூடுன உப்புக்குவியல்லா! அந்தா, ஓரத்துல மோட்டார் கொட்டகை. நீங்க இந்த ஊருதான?"

இந்த ஊர்தான். ஆனால் அம்பாரத்தை ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பேசாமல் தாழிக்குள் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். தொப்பை சம்மதிக்கவில்லை.

"யக்கா, சத்தம் காட்டாதீய."

"நான் காட்டல. எங்க அளத்துப் பொம்பளைய பூரா இப்ப விழா பாக்க வாராளுவ. அவளுவ வாய நீங்க மூடுங்க, பாப்போம்."

அது நடக்கிற காரியமா? மேடத்திடம் ஓடிப்போய் பருந்து உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மத்த படங்கள் எங்கே?" என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். அக்காவும் வந்து குனிந்தார். பருந்தின் இறக்கை பாதி மறைத்த ஒரு படத்தில் மேடத்தின் விரல் நின்றது. "இதுதான் மேடு. குழி தோண்டின சதுரம் தெரியுது."

பிரிண்ட் போட நேரமில்லை. சுவரிலிருந்து அம்பாரம் இறங்கியது. விழா முடியும்வரை லேப்டாப்பைத் தாழிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நான் நின்றேன். விருந்தினர் கூட்டம் நெருங்கியபோது மேடம் காதருகே வந்து சொன்னார்:

"கையை ஆட்டாதீங்க சார். மேடு நடுங்குது."