மாமாவின் குக்கர் கச்சேரி

அம்மாவின் தம்பி என்ஜினீயரிங் படிக்கத்தான் ஜெர்மனியில் இருக்கும் கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்தார். அப்பா அங்கே ஆராய்ச்சியில் இருந்ததால் ஜாகை எங்கள் வீட்டில். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது. மாமாவுக்கு என்ன தோன்றியதோ, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இசைக் கல்லூரியில் டேப் ரிக்கார்டரோடு போய் உட்கார்ந்துவிட்டார். வயலினும் வேண்டாம், வாய்ப்பாட்டும் வேண்டாம். வீட்டில் கேட்கிற சத்தங்களைப் பதிவு செய்து, டேப்பைப் பிளேடால் நறுக்கி ஒட்டி ஓட்டினால் அதுவே சங்கீதமாம். நறுக்கிய டேப்புகள் அப்பாவின் பனியன்களோடு கொடியில் தொங்கின. கடுகு வெடிப்பது, குழாய் சொட்டுவது, அப்பா ரசம் உறிஞ்சுவது என்று எதையும் அவர் விடவில்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? ஒழுங்கா ஊருக்குப் போய்ச் சேரு" என்று அம்மா தினமும் கரித்துக்கொட்டுவாள். போகத்தான் வேண்டியிருக்கும்போல் இருந்தது. கல்லூரி அரங்கில் டேப்பைப் போட்டுக் காட்டி, பேராசிரியருக்குப் பிடித்தால் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். இல்லாவிட்டால் ஊர்தான்.

நாங்கள் எல்லோரும் போனோம். மேடையில் ஆளே இல்லை, இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும். அப்பா ரசம் உறிஞ்சுவதை ஜெர்மன்காரர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். ஷூ லேஸைக் கட்டக் குனிந்த அப்பா நிமிரவேயில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் எங்கள் குக்கர் கூவியது. ஒன்று, இரண்டு. மூன்றாவது விசில் அரங்கமே அதிரக் கேட்டதும் அம்மா விருட்டென்று எழுந்து, "மூணு விசில் வந்தாச்சு, யாராவது அடுப்பை அணைங்களேன்" என்று குரல் கொடுத்தாள்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் அந்த விசிலோடு டேப் முடிந்திருந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. டேப்பில் இருக்கிற ஒலிக்கு சபையிலிருந்து ஒரு மனிதக் குரல் பதில் சொல்வது அபாரமான யோசனை என்று பேராசிரியர் மாமாவின் கையைக் குலுக்கினார். மாமா மறுக்கவில்லை. ஒரு வருடம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "இன்னும் ஒரு வருஷம் உனக்கு வடிச்சுக் கொட்டணுமா? என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை அழவைத்த மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. அவருடைய பெட்டியை இழுத்துப் போட்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினேன். அம்மா வந்து பார்த்தாள். சட்டைகளை அள்ளி வெளியே போட்டாள், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவளுக்காகத்தானே செய்தேன், எனக்கு எதற்கு அடி என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.